செயினறுப்பான் ஏற்றம்

மாஸ்டர் என்றதும் தாடியையும் காவியையும் நினைக்க வேண்டாம். பவுலின் மாஸ்டருக்கு முப்பத்தாறு வயசு. குன்னூர்க்காரி. மலை ரோடுகளில் நெடுந்தூரம் சைக்கிள் மிதிக்கக் கற்றுத்தருவார். பேச்சு குறைவு, தீனி அதிகம். சைக்கிளின் இரண்டு பக்கப் பைகளில் ஒன்று முழுக்க மொறுமொறு வர்க்கி பிஸ்கட்தான் இருக்கும்.

சீடனுக்கு அவரைவிட வயசு அதிகம். பெயர் துரைக்கண்ணு. மேட்டுப்பாளையத்தில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். தொந்தி உண்டு. வைகாசி பூராவும் மாஸ்டரிடம் படித்ததில் தொந்தி கொஞ்சம் குறைந்தது. வாய் குறையவில்லை.

ஆனி மாதம் ஒரு காலை இருவரும் புல்மலையின் கேட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

மலைக்கு அந்தப் பக்கம் அணை கட்டுவதற்காகப் போட்ட ரோடு அது. அணை எழும்பி முடிந்ததும் லாரிகளுக்கு அங்கே வேலை இல்லாமல் போனது. கேட் போட்டுப் பூட்டிவிட்டார்கள். ஓரத்தில் ஒரு சந்து மட்டும் விட்டிருக்கிறார்கள். அதில் மனுஷன் நுழையலாம், சைக்கிள் நுழையும். வேறு எதுவும் நுழையாது. உள்ளே பஸ் கிடையாது, ஜீப் கிடையாது, ஹாரன் கிடையாது. ஒரு பகல் முழுக்க மேடும் பள்ளமுமாக மிதித்தால் அந்தப் பக்கக் கேட் வரும்.

சந்தில் நுழைவதற்கு முன் துரைக்கண்ணு நின்றார்.

"மாஸ்டர், ஒண்ணு கேக்கோணுங்க."

"கேளுங்கண்ணா."

"அடுத்த ஞாயித்துக்கிழமை எங்க செட்டு பசங்க அஞ்சு பேரும் இங்க வர்றோம். பிளஸ் டூ முடிச்சப்ப வந்த அதே ரோடு. அதே ஆனி மாசம்."

"நல்லதுதானே."

"அதுல ஒருத்தன் ராயப்பன். போன வருசம் நுரையீரல்ல ஒரு பக்கத்தை வெட்டி எடுத்துட்டாங்க. மாடிப்படியே நின்னு நின்னுதான் ஏறறான். அவனும் வர்றேங்கறான். மெதுவா வர்றேன்டா, நீங்க போயிட்டே இருங்கடாங்கறான். எங்களுக்கு இருக்கறது ஒரே நாள் லீவு. இருட்டறதுக்குள்ள அந்தக் கேட்டைத் தாண்டோணும். நீங்களே சொல்லுங்க, பின்தங்கறவனை மனசு நோகாம எப்படி விட்டுட்டுப் போறது?"

மாஸ்டர் ஒரு வர்க்கியைக் கடித்தார். மென்றார். முழுங்கினார்.

"ஹெல்மெட் வார் தொங்குது. இறுக்குங்க."

"அதான் பதிலுங்களா?"

"இல்லை. வார் தொங்குது."

துரைக்கண்ணுவுக்குச் சுருக்கென்றது. வாரை இறுக்கினார். பிறகு போனை எடுத்து, தானே ஒரு பதிலை எழுதினார். 'ராயப்பா, இந்தத் தடவை நீ வர வேண்டாம். உன் உடம்புக்கு ஆகாது. அடுத்த தடவை பார்ப்போம்.' ஒரு முறை படித்துப் பார்த்தார். அனுப்பினார்.

போகவில்லை. செய்திக்குப் பக்கத்தில் சின்னக் கடிகாரம் ஒன்று வந்து அப்படியே நின்றது.

"டவர் இல்லீங்களா இங்க?"

"எங்கயும் இல்லைங்கண்ணா. செயினறுப்பான் ஏத்தத்து உச்சியில மட்டும் கிடைக்கும்."

"சரி விடுங்க. அங்க ஏறுனா தானா போயிரும்." போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "அவன் அப்பவும் கடைசிதாங்க மாஸ்டர். கார்டுன்னு பேரு வெச்சிருந்தோம். ரயில்ல கடைசிப் பெட்டியில ஒருத்தர் பச்சைக் கொடியோட வருவாரல்லங்க, அந்த கார்டு. எவனுக்காவது செயின் கழண்டுதுன்னா நின்னுக்குவான். எவனாவது ஒண்ணுக்குப் போனா நின்னுக்குவான். கடைசியா வந்து சேருவான்."

"முன்னால போங்க" என்றார் மாஸ்டர்.

"நீங்க?"

"பின்னால வர்றேன்."

"வழி தெரியாதுங்களே."

"ஒரே ரோடு."

உள்ளே புல். அதைத் தாண்டினால் மறுபடியும் புல். மலை மேலே மலையாகப் படுத்துக் கிடந்தது. மடிப்புகளில் மட்டும் கரும்பச்சையாகச் சோலைக்காடு. மேகம் ஒரு மேட்டில் இறங்கி, இன்னொரு மேட்டில் ஏறிப் போனது. ரோட்டின் தார் பாதி போய்விட்டது. நடுவில் ஒரு கோடாகப் புல் முளைத்திருந்தது. சைக்கிளின் செயின் சத்தம் அவர்களுக்கே கேட்டது. ஊரில் அது கேட்காது.

துரைக்கண்ணு பழையபடி பதினேழு வயசுக்காரன் ஆகிவிட்டார். பாலத்துக்குப் பாலம் நின்றார்.

"இங்கதாங்க தக்காளிச் சோத்தைப் பிரிச்சோம். காத்துல இலை பறந்து போச்சு. இலையைத் துரத்திட்டு ஓடுனான் ஒருத்தன், பொத்துனு சேத்துல விழுந்தான்."

இன்னொரு பாலத்தில்: "இங்க தண்ணி குடிச்சோம். பல்லெல்லாம் கூசிப் போச்சு. இப்பவும் அதே தண்ணியா பாருங்க." குனிந்து குடித்தார். பல் கூசியது. சிரித்தார். "அதேதான்!"

ஒரு வளைவில் எருமைகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. கொம்பு அகலமான மலை எருமைகள். எதுவும் நகர்வதாக இல்லை.

"டிராஃபிக்கே இல்லைன்னீங்க?"

"இது ஒண்ணுதான்" என்றார் மாஸ்டர். இறங்கி, புல்லில் உட்கார்ந்து, வர்க்கிப் பையைத் திறந்தார். எருமைகளுக்குப் போக வேண்டும் என்று தோன்றுகிற வரை இருவரும் சாப்பிட்டார்கள்.

துரைக்கண்ணுவுக்கு அவசரம். மணி பார்த்தார். "இப்படியே போனா ராயப்பன் இல்லாமலே நேரமாயிருமாட்ட இருக்குதே."

மாஸ்டர் பையை மூடிச் சைக்கிளில் ஏறினார்.

மத்தியானத்துக்கு மேல் செயினறுப்பானின் அடிக்கு வந்தார்கள். ரோடு அங்கே மேற்குப் பக்கம் திரும்பி, நேராக வானத்துக்குள் போகும். நிறையப் பேருக்கு அங்கே செயின் அறுந்திருக்கிறது. உச்சியில் பழைய கல்தூண் ஒன்று உண்டு. அடியிலிருந்து பார்த்தால் அது தீக்குச்சி மாதிரி தெரியும்.

ஃபிளாஸ்க்கைத் திறந்து மாஸ்டர் டீ ஊற்றினார். துரைக்கண்ணு டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ஏற்றத்தையே பார்த்தார்.

"மாஸ்டர், இந்த ஏத்தம்தாங்க எனக்குச் சோறு போடுது."

"எப்படி?"

"அந்த வருசம் நான் கணக்குல பெயிலு. செட்டுல நான் ஒருத்தன்தான் பெயிலு. அப்பா ஒரு வாரம் என் மூஞ்சியில முழிக்கலை. வீட்டுல சொல்லாம அவரு பால்கேன் சைக்கிளை எடுத்துட்டு இவங்களோட வந்துட்டேன். கியர் கிடையாது, ஒண்ணும் கிடையாது. கேரியரே ஒரு மூட்டை கனம். இதோ, இதே எடத்துல நின்னு எல்லாத்துகிட்டயும் சொன்னேன். கால் ஊனாம இதை ஏறுறேன்டா. வழியில கால் ஊனுனேன்னா வீட்டுக்கு வர மாட்டேன், அணையில குதிச்சுருவேன்னேன்."

மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"சும்மா சொல்லலீங்க. அன்னைக்கு நெசமாவே அப்படித்தான் இருந்துச்சு."

"அப்புறம்?"

"பாதி ஏத்தத்துல கால் செத்துப் போச்சு. பனி வேற. ஒண்ணும் தெரியலை. ரெயின்கோட்டு குல்லாவை இழுத்து மூடிட்டேன், கண்ணையும் மூடிட்டேன். இதோட முடிஞ்சுதுன்னு நினைச்சேன். அப்பத்தான் பாருங்க, பின்னாலருந்து காத்து வந்துச்சு. அப்படியே அள்ளிட்டுப் போன மாதிரி. வண்டி பஞ்சாயிருச்சு. உச்சியிலதான் கண்ணைத் தொறந்தேன். ஊனலை. ஒரு எடத்துல ஊனலை." துரைக்கண்ணு டீயை ஒரே மடக்கில் குடித்தார். "அந்தத் தெம்புலதான் பட்டறை போட்டேன். எம் பசங்களுக்கும் அதைத்தான் சொல்லி வளர்த்தேன். அந்தக் காத்தை நினைச்சா இப்பவும் புல்லரிக்குதுங்க."

"ஆனியிலதானே வந்தீங்க?"

"ஆமாங்க."

"காத்து பின்னாலருந்து?"

"ஆமாங்க. ஏன்?"

"ம்" என்றார் மாஸ்டர். "மத்தவங்க?"

"பசங்க எல்லாம் பாதியில இறங்கித் தள்ளிட்டு வந்தாங்க. ராயப்பன் கூத்தைக் கேளுங்க. அவன் தள்ளக்கூட இல்லை. சைக்கிளைப் பாதி வழியிலேயே ரோட்டுல போட்டுட்டு நடந்து வந்துட்டான். வந்தவன் தூணுக்குக் கீழ குப்புற விழுந்து வாந்தி எடுத்தான். அப்புறம் சைக்கிளை எடுக்க மறுபடி கீழ போனான். ஒத்தைச் சைக்கிளுக்கு ரெண்டு தடவை ஏறுன ஒரே ஆளு அவன்தான்! என்ன சிரிப்பு சிரிச்சோம் தெரியுங்களா? 'கார்டு, பெட்டியைக் கழட்டி விட்டுட்டு வந்துட்டியாடா'ன்னு."

அவர் இப்போதும் சிரித்தார். மாஸ்டர் சிரிக்கவில்லை. ஃபிளாஸ்க்கை மூடினார்.

ஏற்றத்தின் இரண்டு பக்கமும் குட்டை மரங்கள் நின்றன. முறுக்கின கிளைகள். எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. மேலேயிருந்து யாரோ சீப்பை எடுத்து வாரிவிட்ட மாதிரி, கீழே நிற்கிறவர்களைப் பார்த்துக் குனிந்திருந்தன.

"அந்த மரத்தைப் பாருங்கண்ணா" என்றார் மாஸ்டர்.

"ஆமாங்க. நம்மளுக்கு வணக்கம் சொல்லுது!" துரைக்கண்ணு மரங்களைப் பார்த்துத் திருப்பி ஒரு கும்பிடு போட்டார். "இன்னைக்கும் கால் ஊன மாட்டேன் மாஸ்டர். பாருங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை பசங்க முன்னால ஊனாம ஏறோணும். அதுக்குத்தான் இத்தனை நாள் உங்ககிட்டப் படிச்சது."

"முன்னால போங்க" என்றார் மாஸ்டர்.

முதல் பாதியை அவர் நன்றாகத்தான் ஏறினார். மாஸ்டர் சொல்லித்தந்த மாதிரி, ரோட்டின் விளிம்புக்கு விளிம்பு கொஞ்சம் வளைத்து, மூச்சை எண்ணாமல், தூணைப் பார்க்காமல். பிறகு மேலேயிருந்து பனி இறங்கியது. கூடவே காற்றும் இறங்கியது. நேராக முகத்தில். ஹெல்மெட் பின்னால் போகப் பார்த்தது. கியர் கடைசிக்கு வந்துவிட்டது. அதற்குமேல் மாற்ற ஒன்றும் இல்லை.

தொடை நடுங்கியது. ஹேண்டில் இரண்டு பக்கமும் ஆடியது. துரைக்கண்ணு கண்ணை மூடிக்கொண்டார். வாயில் ஏதோ சாமி பெயர் வந்தது.

அப்போது வண்டி லேசானது.

"காத்து!" என்று கத்தினார். "மாஸ்டர், காத்து வந்துருச்சு! அதே மாதிரிங்க! அதே மாதிரி!"



மிதித்தார். வண்டி போனது. கேட்ட வரம் கிடைத்தவர் மாதிரி சிரித்தபடி மிதித்தார். ஆனால் சிரித்த வாய்க்குள் ஈரம் அடித்தது. பனித்துளி நெற்றியில் பட்டு, காதுப் பக்கமாகப் பின்னால் ஓடியது. மழைச்சட்டை முன்பக்கம் உடம்போடு ஒட்டியிருந்தது, முதுகில் படபடத்தது.

காற்று முன்னாலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. நிற்கவே இல்லை. திரும்பவும் இல்லை.

கண்ணைத் திறந்தார். பக்கத்தில் ஒரு மரம் கடந்து போனது. கிளையெல்லாம் அவரை நோக்கிச் சாய்ந்திருந்தது. அடுத்த மரமும் அப்படியே. எத்தனையோ வருஷக் காற்று அவற்றை அப்படி வளைத்திருந்தது.

தலையைக் குனிந்து, அக்குளுக்குக் கீழே பின்னால் பார்த்தார். முதலில் கேரியர் தெரிந்தது. கேரியரைப் பிடித்திருந்த ஒரு கை தெரிந்தது. ஈர ரோட்டில் ஓடுகிற இரண்டு கேன்வாஸ் ஷூ தெரிந்தன. பனி ஒரு நொடி விலகியபோது, கீழே தூரத்தில், ரோட்டின் நடுவில் மாஸ்டரின் சைக்கிள் படுத்துக் கிடந்தது. வர்க்கிப் பை வாய் திறந்திருந்தது.

பாதி வழியில் போட்ட சைக்கிள்.



"மாஸ்டர்..."

"மிதிங்க." மாஸ்டருக்கு மூச்சு வாங்கியது. "பேசாதீங்க. எனக்கு... வாந்தி வருது."

மிதித்தார். கல்தூண் பனியிலிருந்து வெளியே வந்தது. இப்போது அது தீக்குச்சி இல்லை. ஆள் உயரம் இருந்தது. மேலே பாசி தெரிந்தது. இன்னும் ஏழெட்டு மிதி. அவ்வளவுதான். ஊனாமல் ஏறிவிடலாம்.

சட்டைப் பைக்குள் போன் நெஞ்சில் இடித்தது.

டவர் உச்சியில் மட்டும் கிடைக்கும்.

துரைக்கண்ணு பிரேக்கைப் பிடித்தார். இடது காலை எடுத்து ரோட்டில் ஊன்றினார்.

பின்னால் வந்த மாஸ்டர் கேரியரில் முட்டிக்கொண்டு நின்றார். "என்னண்ணா? இதோ தூணு!"

அவர் கேட்கவில்லை. போனை எடுத்தார். திரை நனைந்தது. விரல் சொன்னதைக் கேட்க மாட்டேன் என்றது. மழைச்சட்டையைத் தூக்கி உள்பனியனில் துடைத்தார். சின்னக் கடிகாரம் அங்கேயேதான் இருந்தது. மேல் மூலையில் ஒரு கோடு வந்தது. போனது. மறுபடி வந்தது. சைக்கிள் அவர் இடுப்பிலிருந்து சரிந்து தடால் என்று விழுந்தது. பிடிக்கவில்லை. போனை உடம்போடு அணைத்து, காற்றுக்கு முதுகைக் காட்டி, விரலால் அழுத்திப் பிடித்தார். நீக்கவா என்று கேட்டது. ஆமாம் என்றார். வாய்விட்டே சொன்னார்.

செய்தி போய்விட்டது. ராயப்பனுக்கு இல்லை; அனுப்பினவர் போனிலிருந்தே போய்விட்டது.

அப்படியே ரோட்டில் உட்கார்ந்தார். மாஸ்டர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். தலையை இரண்டு முட்டிக்கு நடுவில் தொங்கப்போட்டு மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.



"கால் ஊனிட்டீங்க" என்றார் மாஸ்டர்.

"ஊனிட்டேனுங்க."

"ம்."

"மாஸ்டர்." துரைக்கண்ணு அவர் பக்கம் திரும்பினார். "அப்ப அன்னைக்கு நான் இதை ஏறவே இல்லீங்களா?"

மாஸ்டர் தலையை நிமிர்த்தினார். முகம் சிவந்திருந்தது.

"அன்னைக்கு நான் இல்லைங்கண்ணா. இருந்தவரைக் கேளுங்க."

துரைக்கண்ணு எழுந்தார். சைக்கிளை நிமிர்த்தினார். மிச்ச ஏற்றத்தைத் தள்ளிக்கொண்டே ஏறினார், மாஸ்டரும் கூட வந்தார். தூணுக்கு அருகில் போய் நின்றதும் போன் மூலையில் கோடுகள் ஒழுங்காக வந்தன. மறுபக்கம் அணைத் தண்ணீர் ஒரு தகரத் துண்டு மாதிரி கீழே மின்னியது. தூணின் அடியில், ஒரு பையன் குப்புற விழுந்து கிடந்த இடத்தில், இப்போது வெறும் புல்.

காற்று இரைச்சலில் ஸ்பீக்கரைப் போட்டு ராயப்பனைக் கூப்பிட்டார். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

"டேய், எங்கடா இருக்கற? என்ன இரைச்சல்?" ராயப்பன் குரல் பெரிதாகத்தான் இருந்தது. வாக்கியத்துக்கு நடுவில் மட்டும் மூச்சுக்கு நின்றது. மாஸ்டருக்கே கேட்டது.

"செயினறுப்பான் உச்சியில."

"அடப்பாவி! எங்களை விட்டுட்டு நீ மட்டும் போயிட்டியா? ஏறிட்டியா?"

"இல்லைடா. கால் ஊனிட்டேன்."

அந்தப் பக்கம் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாக மாறியது. இருமல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. துரைக்கண்ணு காத்திருந்தார். அவர் அப்படிக் காத்திருந்து மாஸ்டர் பார்த்ததில்லை.

"அதுக்கு ஏன்டா எழவு விழுந்த மாதிரி பேசற? விடு. அங்க ஆனியில எப்பவுமே எதிர்க்காத்துதானே."

துரைக்கண்ணு சாய்ந்த மரங்களைத் திரும்பிப் பார்த்தார். தூணில் கையை ஊன்றிக்கொண்டார்.

"ஹலோ? டேய், துரை? நான் வரட்டுமா வேண்டாமா, அதையாவது சொல்லித் தொலைடா. காலையிலருந்து உன் போனையேதான் பாத்துட்டிருக்கேன். ஹலோ? ச்சை, டவர் போயிருச்சாட்ட இருக்குது."

மாஸ்டர் கீழே கிடந்த தன் சைக்கிளை எடுக்க இறங்கத் தொடங்கியிருந்தார். நின்றார். திரும்பிப் பார்த்தார்.

"டவர் நல்லாத்தான் இருக்குதுங்கண்ணா. பேசுங்க."